பாதி இருக்கை

ரெயின்போ ரோவல் எழுதிய ‘எலினோர் அண்ட் பார்க்’ நாவலில் இருந்து மனதில் என்ன தங்கியிருக்கிறது என்று கேட்டால், ஒரு பஸ் இருக்கை என்றுதான் சொல்வேன். முதல் காதலைப் பற்றிய புத்தகம் அது. முத்தம் இருக்கிறது, பிரிவு இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது. ஆனாலும் நினைவில் முன்னால் வந்து நிற்பது இருவர் உட்காரும் அந்தப் பள்ளிப் பஸ் இருக்கைதான். ஜன்னலோரம் ஒரு பையன், மறுபாதியின் விளிம்பில் ஒரு பெண், நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத கொஞ்சம் இடம். அந்தக் காட்சியை நினைவு வெகுகாலம் தன் போக்கில் இனிப்பாக்கி வைத்திருந்தது. பள்ளிக்குப் புதிதாக வந்து, உட்கார இடமில்லாமல் நடைவழியில் நிற்கும் பெண்ணுக்குப் பையன் இரக்கப்பட்டு நகர்ந்து இடம் கொடுத்தான் என்றே நம்பியிருந்தேன். திரும்பப் படித்தால் கதை வேறு. பார்க் எரிச்சலில், கெட்ட வார்த்தை கலந்து, உட்காரு என்கிறான். அவள் அப்படி நிற்பது அவனுக்கு அவமானமாக இருக்கிறது. அவளுக்காக அல்ல, தனக்காக. எல்லாருடைய கண்ணும் தன் பக்கம் திரும்பிவிடுமோ என்ற பயம். இந்த நாவலின் பெருமை அந்தக் கெட்ட வார்த்தையில் தொடங்குகிறது என்பது என் எண்ணம். முதல் காதல் என்றால் அழகை முதன்முதலாகக் கண்டு மயங்குவது என்று கதைகள் நம்மைப் பழக்கியிருக்கின்றன. ரோவல் சொல்வது வேறொன்று: எங்குமே இடமில்லாத ஒருத்திக்கு முதன்முதலாக ஓர் இடம் கிடைப்பதுதான் அவளுடைய முதல் காதல். அந்த இடம் முதலில் முகச்சுளிப்போடு கிடைத்தாலும் சரி.

கூச்சம் என்பதை நாம் பெரும்பாலும் சுபாவமாகவே பார்க்கிறோம். சிலர் கலகலப்பாகப் பிறக்கிறார்கள், சிலர் ஒதுங்கியே இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் கூச்சப்படுகிறவர்களைப் பற்றித் தமிழில் அன்றாடம் சொல்கிற வார்த்தையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கையை, காலை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான் என்கிறோம். உடம்பை வைக்க இடம் தெரியாத தவிப்பு அது. எலினோரின் கூச்சம் அச்சு அசலாக அதுதான். அவள் பருமனானவள், சிவப்புச் சுருட்டை முடிக்காரி, ஆண்களின் பழைய சட்டைகளைப் போட்டு, மணிக்கட்டில் ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு வருகிறவள். பஸ்ஸில் இருப்பவர்கள் முதல் நாளிலேயே பட்டப்பெயர் வைத்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வேண்டுமென்றே விநோதமாக உடுத்துகிற பெண். அவளுடைய வீட்டுக்குள் போன பிறகுதான் அது தெரிந்தெடுத்த விநோதம் மட்டும் அல்ல என்று புரிகிறது. மாற்றாந்தகப்பன் ரிச்சி ஒரு வருடத்துக்கு முன்னால் அவளை வீட்டைவிட்டே துரத்தியிருக்கிறான். அந்த ஒரு வருடம் யாரோ தெரிந்தவர்கள் வீட்டில் ஒண்டிக் கிடந்தாள். இப்போது திரும்பி வந்திருக்கிற வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே படுக்கையறை. தொலைபேசி கிடையாது. பல் துலக்க பிரஷ் கூட இல்லை. குளியலறை சமையலறையை ஒட்டி இருக்கிறது, அதற்குக் கதவு இல்லை, ஒரு துணிதான் தொங்குகிறது. ரிச்சி வேலையிலிருந்து வருவதற்குள் குளித்து முடித்துவிட வேண்டும் என்று அவள் நாள்தோறும் நேரத்தைக் கணக்குப் பார்க்கிறாள். கதவு இல்லாத குளியலறையில் குளிக்கப் பழகிய உடம்பு பள்ளி நடைவழியில் எப்படி நிமிர்ந்து நடக்கும்? அவளுடைய கூச்சத்தை அவள் மனதில் தேடுவது வீண். அது அந்த வீட்டின் சுவரிலும் கதவிலும் இருக்கிறது.

அமெரிக்க இளையோர் நாவலின் நெடிய வரிசையில் இதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் துலங்கும். மொரீன் டேலியின் ‘செவன்டீன்த் சம்மர்’ 1942இல் வந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சிற்றூர், ஒரு கோடைகாலம், ஏரியில் ஒரு படகு, பதினேழு வயதுப் பெண். 1975இல் ஜூடி ப்ளூம் எழுதிய ‘ஃபாரெவர்’ பதின்வயதினரின் உடலுறவை மிரட்டலும் தண்டனையும் இல்லாமல் எழுதியதற்காகவே இன்றுவரை தாக்கப்படுகிற புத்தகம். இரண்டும் தங்கள் காலத்தில் துணிச்சலான படைப்புகள். ஆனால் இரண்டிலும் காதலர்களுக்கு வீடு இருக்கிறது, வீட்டில் வரவேற்பறை இருக்கிறது, சாப்பாட்டு மேசையில் அக்கறையுள்ள பெற்றோர் இருக்கிறார்கள். அங்கே எழுகிற கேள்வி ‘எப்போது’ என்பதுதான். இப்போதே முத்தமிடலாமா, இன்னும் பொறுக்கலாமா, இது நிலைக்குமா? ரோவலின் நாவலில் அந்தக் கேள்விக்கே வாய்ப்பில்லை. இங்கே ஒவ்வொரு பக்கத்திலும் கேள்வி ‘எங்கே’ என்பது. பேசுவதற்கு எங்கே போவது, அவன் கொடுத்ததை எங்கே ஒளித்து வைப்பது, அழுவதற்குக் கூட எங்கே இடம்? நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்து, சந்திக்கிற இடத்துக்குக் குறி என்று பெயரும் வைத்த மொழியில் வாசிக்கிறவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. எலினோருக்கும் பார்க்குக்கும் வாய்த்த பகற்குறி 1986ஆம் ஆண்டின் ஓமஹா நகரப் பள்ளிப் பஸ்.

அந்தப் பஸ்ஸில் நடப்பதை மெதுவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ரோவலே அதை அவ்வளவு மெதுவாகத்தான் எழுதியிருக்கிறார். முதல் நாட்களில் இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. அவன் காதில் ஹெட்ஃபோன், மடியில் காமிக்ஸ். அவள் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நாள் பக்கத்திலிருந்து அவளும் அந்தக் காமிக்ஸைப் படிக்கிறாள் என்று அவனுக்குத் தட்டுப்படுகிறது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. பக்கத்தை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து பிடிக்கிறான். புரட்டுவதற்கு முன் இன்னும் கொஞ்சம் பொறுக்கிறான். அவ்வளவுதான். ஒரு வார்த்தையும் பேசாமல் நடக்கிற இந்தக் காரியத்தைக் கவனியுங்கள். ஒருவனுடைய வாசிப்பு வேகம் இன்னொருத்திக்காகக் குறைகிறது. அவன் தன் நேரத்தில் அவளுக்குப் பாதி கொடுக்கிறான், அதுவும் கொடுக்கிறேன் என்று காட்டிக்கொள்ளாமல். பிறகு ஒரு நாள் அவள் உட்காரும் இடத்தில் காமிக்ஸ் கட்டு ஒன்று காத்திருக்கிறது. அவள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்து, விரல் பட்ட அடையாளம்கூட இல்லாமல் திருப்பிக் கொடுக்கிறாள். எக்ஸ்-மென், அப்போது தவணையாக வந்துகொண்டிருந்த வாட்ச்மென் என்று பேச்சு தொடங்குகிறது. காமிக்ஸிலிருந்து பாட்டுக்குப் போகிறார்கள். அவன் கேசட்டுகளில் பாட்டுப் பதிந்து தருகிறான். கேட்பதற்கு வழி வேண்டுமே. அதற்கும் தருகிறான், பேட்டரியும் தருகிறான். பரிசு வாங்கிக்கொள்ளக் கூசுகிற பெண்ணுக்குப் பேட்டரி என்பது வாங்கிக்கொள்ளக்கூடிய பரிசு, தீர்ந்துபோகிற பொருள், வீட்டில் துருத்திக்கொண்டு நிற்காத பொருள். அவளிடம் ஒரு பெட்டி இருக்கிறது, அதற்குள் எல்லாம் போகிறது. உலகத்தில் அவள் பெயருக்கு இருக்கிற இடம் ஒரு பெட்டியும் ஒரு பாதி இருக்கையும்.

இதற்குப் பிறகுதான் கை வருகிறது. அவள் மணிக்கட்டில் சுற்றியிருக்கிற பழைய பட்டு ஸ்கார்ஃபின் நுனியை அவன் விரலில் சுற்றுகிறான். துணியைத் தொடுவது போல் தொடங்கி, துணியோடு விரலும் சேர்ந்து அவள் உள்ளங்கைக்குள் நழுவுகிறது. ரோவல் இந்த ஒரு நிமிடத்தைப் பக்கக்கணக்கில் எழுதுகிறார், முதலில் ஒருவர் கண்ணால், பிறகு மற்றவர் கண்ணால். நாவல் முழுவதுமே இப்படி இருவருக்கும் மாறி மாறி வருகிற சிறு பகுதிகளால் ஆனது. சில பகுதிகள் நாலைந்து வரிதான். இந்த அமைப்பை வெறும் உத்தி என்று தள்ளிவிட முடியாது. எலினோர் தன் உடம்பில் எதை ஒளிக்கப் பார்க்கிறாளோ அதையே அடுத்த பகுதியில் பார்க் கண்ணெடுக்காமல் பார்க்கிறான். பார்க் தன்னைப் பற்றி எதில் வெட்கப்படுகிறானோ அது அவளுக்கு அழகாக இருக்கிறது. இரண்டு பேரும் தங்களைப் பற்றிச் சொல்வது தவறு என்று வாசகருக்கு மட்டும் தெரிகிறது. உடலைத் தொடுவதை எழுதுகிற ஆயிரம் நாவல்களில் இல்லாத பதற்றம் இந்தக் கை தொடுதலில் இருப்பதற்கு என்ன காரணம் என்று யோசித்தால், மீண்டும் இடத்துக்கே வந்து சேர்கிறேன். எலினோரை அதுவரை பார்த்த கண்கள் எல்லாம் அவளைக் குறுகச் செய்த கண்கள். உடற்பயிற்சி வகுப்பில் அவள் உடைகளைக் கழிப்பறைத் தொட்டியில் போடுகிறார்கள். அவள் இறுக்கமான விளையாட்டு உடையோடு எல்லார் முன்னாலும் நடக்க வேண்டியதாகிறது. வீட்டில் ரிச்சியின் பார்வை. இப்படிப் பார்க்கப்பட்டவளுக்கு, தொடுவதற்கு முன் துணியிடம் அனுமதி கேட்பது போலத் தயங்கி வருகிற ஒரு கை எவ்வளவு பெரிய விஷயம்! அவன் தயக்கமும் அவள் கூச்சமும் காதலுக்குக் குறுக்கே நிற்பவை என்று வாசித்தால் இந்தக் காட்சியே கைநழுவிவிடும். அந்தத் தயக்கத்தால்தான் அவள் பயப்படாமல் இருக்க முடிகிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். அப்படியென்றால் இது காதலா, கருணையா? வசதியான வீட்டுப் பையன் ஏழைப் பெண்ணைக் கைதூக்கிவிடுகிற பழைய கதைதானே? அப்படித் தோன்றுவதற்கு இடமிருக்கிறது. பார்க்கின் வீட்டில் அப்பா அம்மா ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள், சாப்பாடு இருக்கிறது, அறைக்குக் கதவு இருக்கிறது. ஆனால் பார்க்கும் முழு இடம் உள்ளவன் அல்ல. அப்பா ராணுவத்தில் இருந்தவர், கொரியாவில் சந்தித்த பெண்ணை மணந்து ஓமஹாவுக்கு அழைத்து வந்தவர். தம்பி அப்பாவைப் போல வளர்த்தியாக இருக்கிறான், பார்க் அம்மாவின் சாயலில் சிறுத்து இருக்கிறான். கியர் வண்டி ஓட்டத் தடுமாறுகிறான் என்பதே அந்த வீட்டில் ஒரு குறை. பிறந்து வளர்ந்த தெருவில்கூட அவன் தலையைக் குனிந்துகொண்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டுதான் தன் இடத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறான். எலினோருக்காக நகர்ந்து உட்கார்ந்தபோது அந்தப் பாதுகாப்பில் பாதியை இழக்கிறான். அதனால்தான் முதலில் அவ்வளவு எரிச்சல். அவளோடு பார்க்கப்படுவதற்கு அவன் வெட்கப்படுகிற நாட்களையும் ரோவல் மறைக்கவில்லை. பின்னால் அவன் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகத் துணிவது, அப்பாவின் கோபத்தை எதிர்கொள்வது, தன் முகத்தைத் தனதாக ஏற்பது எல்லாம் எலினோர் அவனைப் பார்த்த விதத்திலிருந்து கிடைத்தவை. கொடுக்கல் வாங்கல் இருபக்கமும் நடக்கிறது. பார்க்கின் அம்மா மிண்டி முதலில் எலினோரைக் கண்டு முகம் கோணுகிறாள், தன் வீட்டுக்குப் பொருந்தாத பெண் என்று நினைக்கிறாள். பிறகு கடையில் அவளைத் தம்பி தங்கைகளோடும் அவள் அம்மாவோடும் பார்க்கிறாள். பார்த்ததும், கொரியாவில் தான் பிறந்த பெரிய குடும்பத்தின் இல்லாமை அவளுக்கு ஞாபகம் வருகிறது. பல பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கொஞ்சம்தான் கிடைக்கும் என்று அறிந்தவள் அவள். அன்றிலிருந்து அந்த வீட்டின் கதவு திறக்கிறது. கருணை வேலைசெய்கிறது என்றால் அது மிண்டியிடம்தான், அதுவும் மேலிருந்து இறங்கி வருகிற கருணை அல்ல, தெரிந்த வலியை அடையாளம் கண்டுகொள்கிற கருணை.

இதைச் சொல்லும்போதே இந்த நாவலின் மீதுள்ள மிகக் கனமான குற்றச்சாட்டையும் சொல்லியாக வேண்டும். கொரிய-அமெரிக்க வாசகர்கள் பலர் பார்க்கை வாசித்து மனம் நொந்திருக்கிறார்கள். பார்க் என்பது கொரியர்களிடையே பரவலான குடும்பப்பெயர், அதைப் பையனின் சொந்தப் பெயராக வைத்ததே பொறுப்பில்லாத காரியம் என்றார்கள். எலினோர் அவனையும் அவன் அம்மாவையும் வர்ணிக்கிற வார்த்தைகளில் கீழைநாட்டை அலங்காரப் பொருளாகப் பார்க்கிற பழைய வெள்ளைக்காரப் பார்வை இருக்கிறது என்றார்கள். மிண்டியின் உடைந்த ஆங்கிலம், அவளை பொம்மையோடு ஒப்பிடுவது, தன் அம்மாவின் முகச்சாயலை பார்க் குறையாக உணர்வது எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார்கள். பதினாறு வயது வெள்ளைக்காரப் பெண் 1986இல் அப்படித்தான் யோசித்திருப்பாள், அது பாத்திரத்தின் குரல், ஆசிரியரின் குரல் அல்ல என்று ஒரு பதில் உண்டு. அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இல்லை. எலினோரின் தவறான எண்ணங்களில் பலவற்றை பார்க்கின் பகுதிகள் திருத்துகின்றன, இந்த ஒன்றை அவ்வளவாகத் திருத்துவதில்லை. எலினோரின் வீட்டை நூலிழை நூலிழையாக எழுதிய கை பார்க்கின் கொரியப் பாதியை எழுதும்போது மேலோட்டமாக நகர்ந்துவிடுகிறது. இடம் கொடுப்பதைப் பற்றிய நாவல் தன் நாயகர்களில் ஒருவனுக்கு முழு இடம் கொடுக்கவில்லை என்பது உண்மையான குறை. அதை ஒப்புக்கொள்வதால் நான் சொல்லவந்தது தளர்ந்துவிடாது. நாவலை எந்த அளவுகோலால் அளக்க வேண்டுமோ அதே அளவுகோலால்தான் அந்த வாசகர்களும் அளந்திருக்கிறார்கள்.

இன்னொரு எதிர்ப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது, அதை என்னால் அவ்வளவு மதிப்போடு ஏற்க முடியாது. 2013இல் மினசோட்டா மாநிலத்தின் ஆனோகா-ஹென்னபின் பள்ளி மாவட்டத்தில் நூலகர்கள் இந்தப் புத்தகத்தைக் கோடைகால வாசிப்புக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பெற்றோர் சிலர் கெட்ட வார்த்தைகளை எண்ணிக் கணக்கெடுத்து, புத்தகத்தை நீக்க வேண்டும் என்றார்கள். ரோவல் அங்கே வந்து மாணவர்களைச் சந்திக்க இருந்த பயணம் ரத்தானது. புத்தகம் மட்டும், பரிசீலனைக்குப் பிறகு, நூலக அலமாரியிலேயே இருந்தது. அடுத்த ஆண்டு அதே நாவல் இளையோர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருதின் கௌரவ நூல்களில் ஒன்றானது. 2016ஆம் ஆண்டுக்கென அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட, அதிகம் எதிர்க்கப்பட்ட பத்து நூல்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. புண்படுத்தும் மொழி என்பதே அங்கேயும் காரணம். அந்த மொழி யாருடையது என்று பார்க்க வேண்டாமா? எலினோரின் பாடநூல் அட்டைகளில் யாரோ ஆபாசமாக எழுதிவைக்கிறார்கள். பள்ளியில் தன்னைச் சீண்டுகிறவர்களின் வேலை என்றே அவள் கடைசிவரை நினைத்திருக்கிறாள். ஒரு நாள் வீட்டுக்கு வந்தால் அவள் பெட்டி சூறையாடப்பட்டிருக்கிறது. காமிக்ஸ் கிழிந்து கிடக்கிறது, கேசட்டுகள் நொறுங்கிக் கிடக்கின்றன. அங்கே கிடக்கிற எழுத்தைப் பார்த்ததும் அட்டைகளில் இருந்ததும் அதே கையெழுத்து என்று அவளுக்குப் புரிகிறது. அது ரிச்சியின் கையெழுத்து. நாவலின் மிகக் கெட்ட வார்த்தைகள் ஒரு வளர்ந்த மனிதன் ஒரு குழந்தைக்கு எழுதியவை. அவற்றைப் புத்தகத்திலிருந்து சுரண்டி எடுத்தால் எலினோர் எதிலிருந்து ஓடுகிறாள் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும். அதே காரியம் தன் வீட்டில் நடக்கிற ஒரு பெண்ணுக்கு, இது உனக்கு மட்டும் நடப்பதில்லை, இதற்குப் பெயர் உண்டு என்று சொல்ல ஒரு புத்தகம் இல்லாமல் போகும். பள்ளி நூலகத்தில் அவளுக்கு ஓர் இடம் வேண்டும் என்று வாதாடுவதை மிகையாக நான் நினைக்கவில்லை.

பெரியவர்கள் எழுதுகிற பதின்வயதுக் காதல் எல்லாமே பின்னோக்கிய ஏக்கம்தான், கேசட்டும் வாக்மேனும் வந்தால் நாற்பது வயதுக்காரர்களுக்குக் கண் கலங்கும், பிள்ளைகளுக்கு அதில் என்ன இருக்கிறது என்றும் கேட்கலாம். ரோவல் 1973இல் பிறந்தவர், ஓமஹாக்காரர், அந்த ஊர் நாளிதழில் பத்தி எழுதியவர். கதை நடக்கிற 1986இல் அவருக்கு வயது பதின்மூன்று. ஆகவே இது நினைவிலிருந்து எழுந்த புத்தகம் என்பதில் சந்தேகமில்லை. நாவலே அதை ஒளிக்கவில்லை. அது தொடங்குவதே பார்க்கின் நினைவில், அவள் போன பிறகு, அவளைத் திரும்ப வரவழைக்கும் முயற்சியைக் கைவிட்ட ஒருவனின் நினைவில். நடுவில் ஆங்கில வகுப்பு ஒன்று வருகிறது. ஆசிரியர் ஸ்டெஸ்மன் ரோமியோ ஜூலியட் நடத்துகிறார். எலினோர் அந்தக் காதலை நம்ப மறுக்கிறாள், கேட்டதெல்லாம் கிடைத்து வளர்ந்த இரண்டு பணக்காரப் பிள்ளைகளின் விவகாரம் என்கிறாள். பிறகு ஏன் அது இன்னும் வாழ்கிறது என்று கேட்கும்போது பார்க் தயங்கித் தயங்கிப் பதில் சொல்கிறான்: இளமையும் காதலும் எப்படி இருந்தன என்று நினைத்துப் பார்க்க மனிதர்களுக்கு ஆசை இருக்கிறது, அதனால்தான். இருவர் சொல்வதும் சரி என்பதுதான் இந்த நாவலின் பலம். பார்க் சொன்ன ஆசையை வைத்து எழுதுகிற ஆசிரியர், எலினோர் சொன்ன கணக்கை மறப்பதில்லை. ஏக்கத்துக்குப் பாட்டு மட்டும்தான் ஞாபகம் இருக்கும், பேட்டரி தீர்ந்துபோகுமே என்ற கவலை ஞாபகம் இருக்காது. பல் துலக்க பிரஷ் இல்லாத காலை, ஃபோன் பேசுவதற்காகப் பெற்ற அப்பா வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளப் போகிற இரவு, எங்கே போகிறாய் என்று அம்மா கேட்டால் கூடப் படிக்கிற டீனா வீட்டுக்கு என்று சொல்கிற பொய், இவையெல்லாம் ஏக்கத்தின் கண்ணில் படாதவை.

கடைசியாக, பலரும் சொல்கிற ஒன்று. பதினாறு வயதுக் காதல் நிலைக்காது, இந்த நாவலிலும் நிலைக்கவில்லை, பிறகு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? காதல் நீடித்த வருடங்களால் மட்டும் அதை அளந்தால் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. அது எவ்வளவு இடத்தை உண்டாக்கியது என்று அளந்து பார்க்கலாம். கையெழுத்தை அடையாளம் கண்ட அன்றிரவு எலினோர் வீட்டைவிட்டு ஓடுகிறாள். அவளை ரிச்சியின் கண்ணில் படாமல் கூட்டிப்போய் ஒரு கராஜில் ஒளித்து வைப்பது யார் தெரியுமா? பஸ்ஸின் பின் இருக்கையில் உட்கார்ந்து அவளைக் கேலி செய்த அதே டீனா. இந்தத் திருப்பத்தைச் செயற்கை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அது நாவலின் மிக நேர்மையான இடங்களில் ஒன்று. அந்தத் தெருவில் வீட்டுக்குப் பயந்து வளர்ந்தது எலினோர் மட்டும் அல்ல என்று ரோவல் நீட்டி முழக்காமல் காட்டிவிட்டுப் போகிறார். பார்க் அவளை செயின்ட் பாலில் இருக்கிற மாமா வீட்டுக்கு இரவோடு இரவாகக் கொண்டுபோக நினைக்கிறான். கிளம்பும்போது அப்பாவிடம் மாட்டிக்கொள்கிறான். விஷயத்தைக் கேட்ட அப்பா, தன் டிரக்கையே எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார், அதே கியர் வண்டி. மகன் ஆண்பிள்ளையா என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த மனிதர் கொடுக்கிற இடம் அது. காதல் எலினோரைக் காப்பாற்றிவிட்டது என்று நாவல் சொல்வதில்லை. காப்பாற்றியது ஒரு டிரக், ஒரு நெடுஞ்சாலை, மாமாவின் வீட்டில் ஒரு படுக்கை. ஆனால் தனக்கு ஓர் இடம் கேட்கலாம், கேட்டால் கிடைக்கவும் கூடும் என்பதை அவள் அந்தப் பாதி இருக்கையில்தான் முதலில் கற்றாள்.

அதன் பிறகு அவன் எழுதுகிற கடிதங்களை அவள் பிரிப்பதில்லை. மாதங்கள் போகின்றன. வாசகருக்கு அவள் மீது கோபமே வரும், எனக்கும் வந்தது. பிறகு ஒரு தபால் அட்டை வருகிறது, மூன்று வார்த்தைகளோடு. அந்த மூன்று வார்த்தைகள் எவை என்று ரோவல் சொல்லவில்லை. புத்தகம் வந்த நாளிலிருந்து வாசகர்கள் அவற்றைப் பற்றித்தான் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வார்த்தைகளைவிட அந்த அட்டைதான் என்னைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு வருடம் முழுவதும் கிடைத்ததையெல்லாம் பெட்டிக்குள் ஒளித்தவள், யார் கண்ணிலும் படாமல் படித்துத் திருப்பிக் கொடுத்தவள், வீட்டில் ஒரு கதவுகூட இல்லாதவள். இப்போது உறையில்லாமல் எழுதுகிறாள். வழியில் தபால்காரர் படிக்கலாம், அவன் அம்மா படிக்கலாம், தம்பி படிக்கலாம். முகவரிக்குப் பாதி போக, மிச்சமிருக்கிற அந்தப் பாதி அட்டையில், பயப்படாமல், அவள் கையெழுத்து.